வெயிலுக்கேற்ற ஆண்கள் சென்ட்: உங்களுக்குத் தெரியுமா?

கோடைக்கு ஆண்கள் தேடும் சென்ட்டிடம் இரண்டு தேவைகள்தான் உண்டு. அடித்த உடனே குளித்துவிட்டு வந்த புத்துணர்ச்சி தர வேண்டும். மதியம் தாண்டியும் இதமான மர வாசம் உடம்பில் நிற்க வேண்டும். இந்த இரண்டுக்கும் சம்பளத்தில் பாதியை எடுத்து வைக்க வேண்டியதில்லை. பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தவருக்கு, குறைந்த விலையிலேயே அருமையான வாசனை கிடைக்கும். தெரிந்துகொள்வோம், வாருங்கள்.

வெயிலும் வியர்வையும்

✦ தோலிலிருந்து ஆவியாகிக் காற்றில் கலக்கும் மூலக்கூறுகள்தான் நமக்கு வாசனையாகத் தெரிகின்றன. வெப்பம் கூடினால் ஆவியாகும் வேகமும் கூடும். ஊட்டிக் குளிரில் அடக்கமாக மணக்கும் கனத்த இனிப்பு வாசனை, அக்னி நட்சத்திர நாளில் சென்னைப் பேருந்தில் பக்கத்தில் நிற்பவருக்குத் தலைவலியாகிவிடும். கோடைக்கு லேசான வாசனை என்று சொல்வதன் காரணம் இதுதான்.

✦ எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல்களின் மணத்துக்கு முக்கியக் காரணம் லிமோனீன். அதன் மூலக்கூறு எடை 136. சந்தன வாசத்தைத் தரும் சாண்டலாலின் எடை 220. எடை குறைந்தது முதலில் பறந்துவிடும், கனமானது தங்கி நிற்கும். எந்த சென்ட்டிலும் எலுமிச்சை வாசம் அரை மணி நேரத்தில் மங்குவதற்கும், மர வாசம் மாலைவரை நிற்பதற்கும் இந்த எடை வித்தியாசமே அடிப்படை. தொடக்கத்துக்குப் பழத்தோல், நிலைத்து நிற்க மரம் என்று இரண்டையும் சேர்த்துக் கட்டும்போதுதான் கோடைக்கான ஆண்கள் சென்ட் முழுமை பெறுகிறது.

✦ சுரக்கும்போது வியர்வைக்கு ஏறக்குறைய நாற்றமே கிடையாது! அக்குளில் வாழும் கொரினிபாக்டீரியம், ஸ்டெஃபைலோகாக்கஸ் வகை பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கும்போதுதான் நாற்றம் பிறக்கிறது. பழைய வியர்வையின் மேல் சென்ட் அடித்தால் இரண்டு வாசனைகளும் கலந்து இன்னும் மோசமாகும். முதலில் சோப்பும் தண்ணீரும், அப்புறம்தான் சென்ட்.

✦ ஏபிசிசி11 என்ற மரபணுவில் ஒரு சிறு மாற்றம் இருப்பவர்களுக்கு அக்குள் நாற்றம் மிகக் குறைவு. கொரியர்களில் பெரும்பாலோருக்கு இந்த மாற்றம் உண்டு. இன்னொரு வியப்பு: அவர்களுடைய காதுக் குறும்பியும் பிசுபிசுப்பின்றி உலர்ந்தே இருக்கும்.

✦ கடையில் ஒரே அலமாரியில் நிற்கும் மூன்றுக்கும் வேலை வேறு வேறு. அலுமினிய உப்புகள் கொண்ட ஆன்டிபெர்ஸ்பிரன்ட் வியர்வையைக் குறைக்கும். டியோடரன்ட் நாற்றத்தைக் கட்டுப்படுத்தும். பெர்ஃப்யூம் மணத்தை மட்டுமே தரும். வியர்வைதான் பிரச்சினை என்றால் எவ்வளவு விலை உயர்ந்த பெர்ஃப்யூமாலும் பயனில்லை.

மண்ணுக்குள் ஒரு வாசனை

✦ உலகின் மிகச் சிறந்த ஆண்கள் சென்ட் பலவற்றின் அடித்தளம், நம் வீட்டுத் தண்ணீர்ப் பானையில் போடுகிற அதே வெட்டிவேர். இது புல் இனத்துத் தாவரம். இதன் வேர் பக்கவாட்டில் பரவாமல், 3 முதல் 4 மீட்டர் ஆழம்வரை நேராக இறங்கும்.

✦ வெட்டிவேரின் தாயகம் இந்தியா. ஆனால் வாசனை எண்ணெய் உற்பத்தியில் முதலிடம் கரீபியன் கடலில் இருக்கும் ஹைட்டிக்கு. அந்நாட்டின் தெற்கே, லே காய் நகரத்தைச் சுற்றியுள்ள சிறு விவசாயிகள் தோண்டியெடுக்கும் வேர்தான் பாரிஸின் பெரிய நிறுவனங்களுக்குப் போகிறது. 2021 ஆகஸ்டில் நேர்ந்த பெரும் நிலநடுக்கம் அந்தத் தென்பகுதியைத்தான் தாக்கியது.

✦ தமிழ்நாட்டில் கடலூர் மாவட்டத்தின் கடலோர மணல் நிலங்களில் வெட்டிவேர் பயிராகிறது. மணலில் வளரும் வேரைச் சேதமில்லாமல் உருவி எடுப்பது எளிது. களிமண்ணில் பாதி வேர் அறுந்து மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும்.

✦ வேரை நட்டு ஓராண்டுக்கு மேல் காத்திருந்தால்தான் நல்ல எண்ணெய் கிடைக்கும். அதன் மூலக்கூறுகள் கனமானவை. அதனால் நீராவியில் எளிதில் ஏறி வராது. பூக்களுக்குச் சில மணி நேரத்தில் முடிகிற வடிப்பு, வெட்டிவேருக்கு ஒரு நாள் முழுக்க நீள்வதுண்டு. வடிப்பவரின் பொறுமையைச் சோதிக்கும் இந்தக் கனம்தான், தோலில் அந்த வாசனையை நீண்ட நேரம் நிறுத்தியும் வைக்கிறது.

✦ உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜ் நகரில் செம்புப் பாத்திரத்தில் வடிக்கும் வெட்டிவேர் எண்ணெய்க்கு ‘ரூ கஸ்’ என்று பெயர். அதன் பச்சை நிறம் செம்பிலிருந்து வருவது. கோடைக்கு அத்தர் பூச விரும்புகிறவர்கள் முதலில் முகர்ந்து பார்க்க வேண்டியது இதைத்தான்.

✦ அதே கன்னோஜில் சுட்ட மண்ணை வடித்துச் சந்தன எண்ணெயில் இறக்கி ‘மிட்டி அத்தர்’ செய்கிறார்கள். முதல் மழை விழுந்த தரையின் வாசம் அதில் அப்படியே இருக்கும். மண்வாசனை பற்றி 1964-ல் நேச்சர் இதழில் ஆய்வுக் கட்டுரை எழுதிய ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் இருவரும் இந்த இந்திய அத்தரை அதில் குறிப்பிட்டிருக்கிறார்கள்.

✦ பம்பிளிமாஸின் உறவான கிரேப்ஃப்ரூட் பழத்தின் மணத்துக்குக் காரணமான நூட்கட்டோன், மிகச் சிறிய அளவில் வெட்டிவேரிலும் இருக்கிறது. கிரேப்ஃப்ரூட்டும் வெட்டிவேரும் சேர்ந்த சென்ட் இயல்பாகப் பொருந்திப் போவது இதனால்தான். இந்த நூட்கட்டோனைக் கொசுவையும் உண்ணியையும் விரட்டும் பொருளாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020-ல் பதிவு செய்தது.

✦ 1957-ல் கார்வென், 1959-ல் ஜிவான்ஷி என்று பிரெஞ்சு நிறுவனங்கள் அடுத்தடுத்து வெட்டிவேர் சென்ட்டுகளைக் கொண்டுவந்தன. அதே காலத்தில் இளைஞரான ஜான் போல் கெர்லான் உருவாக்கிய ‘கெர்லான் வெட்டிவேர்’ இன்றும் கடையில் கிடைக்கிறது. பழத்தோல், புகையிலை, வேர் மூன்றும் சேர்ந்த அந்த அமைப்பைத்தான் பின்னால் வந்த பலரும் பின்பற்றினார்கள்.

✦ வெட்டிவேர் எண்ணெயில் 100-க்கும் மேற்பட்ட மூலக்கூறுகள் இருக்கின்றன. அதனால் அதை அப்படியே ஆய்வகத்தில் செய்து முடிப்பது லாபகரமாக இல்லை. குறைந்த விலை வெட்டிவேர் சென்ட்டிலும் கொஞ்சமாவது உண்மையான வேர் எண்ணெய் சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பது நமக்கு நல்ல செய்தி.

✦ கையைக் கடிக்காத விலையில் ஆழமான வெட்டிவேர் வேண்டுமா? நத்தலி லோர்சோன் 2006-ல் லலீக் நிறுவனத்துக்காகச் செய்த ‘ஆங்க்ர் நுவார்’ ஒன்று. கறுப்பு மைக்கூடு போன்ற சதுரப் பாட்டில், சைப்ரஸ் மரமும் ஈர வேரும் சேர்ந்த இருண்ட மணம். நடுப்பகலைவிட, வெயில் தாழ்ந்த கோடை மாலைக்கு இது பொருத்தம்.

மரங்கள் சொல்லும் ரகசியம்

✦ ‘வர்ஜீனியா சிடார்’ என்று சென்ட் அட்டையில் படித்தால், அது சிடார் மரமே அல்ல! ஜூனிபர் வகை மரம். பள்ளிக்கூட நாளில் பென்சில் சீவும்போது வந்த வாசம் நினைவிருக்கிறதா? முற்காலத்துப் பென்சில்கள் இந்த மரத்தில் செய்யப்பட்டவை. உலர்ந்த, சுத்தமான அந்த வாசம்தான் கோடைச் சென்ட்டுகளில் அதிகம் புழங்கும் மர வாசனை. உண்மையான சிடார் இனத்துக்கு நம் இமயமலைத் தேவதாருவும் மொராக்கோவின் அட்லஸ் சிடாரும் உதாரணங்கள்.

✦ சந்தன மரம் பாதி ஒட்டுண்ணி. பக்கத்து மரங்களின் வேரில் தன் வேரைச் செருகித் தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சும். துணை மரம் இல்லாமல் தனியே நட்ட சந்தனக் கன்று செழிப்பதில்லை.

✦ மைசூரில் சந்தனத்தை 1792-ல் அரச மரமாக அறிவித்தவர் திப்பு சுல்தான். அங்கே அரசுச் சந்தன எண்ணெய் ஆலை 1916-ல் தொடங்கியது. இன்று நம் சந்தன இனம் ஆஸ்திரேலியாவின் குனுனுரா பகுதியில் பெரும் தோட்டங்களாக வளர்கிறது.

✦ விலை குறைந்த சென்ட்டில் ‘சந்தனம்’ என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் ஜவனால், சாண்டலோர், எபனால் போன்ற ஆய்வகப் பொருள்தான். இதை ஏமாற்று வேலை என்று ஒதுக்க வேண்டாம். இயற்கைச் சந்தனம் அழியும் அபாயத்தில் இருக்கும் மரம். காட்டை வெட்டாமல் சந்தன வாசம் கிடைப்பது மரத்துக்கும் நல்லது, நம் பர்ஸுக்கும் நல்லது.

✦ மர வாசனை உலகை மாற்றிய பொருளின் பெயர் ‘ஐசோ ஈ சூப்பர்’. 1973-ல் அமெரிக்காவின் ஐ.எஃப்.எஃப். நிறுவன ஆய்வகத்தில் பிறந்தது. சிடாரைப் போல மென்மையாக, தோலோடு ஒட்டி மணக்கும். 2006-ல் ஜான் க்ளோத் எலெனா உருவாக்கிய ‘டெர் தெர்மெஸ்’ சென்ட்டில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. அதே ஆண்டு கேசா ஷோன் வெளியிட்ட ‘மாலிக்யூல் 01’ சென்ட்டில் இது ஒன்றே வாசனைப் பொருள். சிலருடைய மூக்கு இதைச் சட்டென்று பிடிக்காது. சற்று நேரம் மறைந்து, பிறகு திடீரென்று தெரியும்.

✦ ஸ்பெர்ம் திமிங்கலத்தின் குடலில் உருவாகும் அம்பர்கிரிஸ் ஒரு காலத்தில் தங்கத்துக்கு நிகரான சென்ட் மூலப்பொருள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவில் அதை விற்பது குற்றம். நம் கடலோரத்தில் அது பிடிபட்ட செய்திகளை அடிக்கடி படிக்கிறோம். சென்ட் தொழிலோ எப்போதோ மாற்றுவழி கண்டுவிட்டது. ‘கிளாரி சேஜ்’ என்ற செடியிலிருந்து கிடைக்கும் ஸ்கிளேரியாலைக் கொண்டு அம்ப்ராக்சன் செய்கிறார்கள். இன்றைய ஆண்கள் சென்ட்டுகளில் வரும் உப்புக் காற்று கலந்த மர வாசம் பெரும்பாலும் இதன் உபயம்.

குளிர்ச்சி எங்கிருந்து வருகிறது?

✦ கோடைச் சென்ட்டுகளின் பாட்டன், ஜெர்மனியின் கொலோன் நகரில் பிறந்த கொலோன் தண்ணீர். இத்தாலியரான யோஹான் மரியா ஃபரினாவின் கைவண்ணம் அது. 1709-ல் தொடங்கிய அந்தக் குடும்ப நிறுவனம் இன்றும் இயங்குகிறது. அதே நகரின் ‘4711’ மலிவு விலைக் கொலோனுக்கு உலகெங்கும் ரசிகர்கள் உண்டு. பிரெஞ்சுப் படை ஊரைப் பிடித்திருந்த காலத்தில் வீடுகளுக்கு இட்ட எண்களில் ஒன்றுதான் அந்த 4711.

✦ கொலோனின் முதல் வாசத்தைத் தரும் பெர்கமோட், எலுமிச்சைக் குடும்பப் பழம். உலக விளைச்சலில் பெரும்பகுதி இத்தாலியின் கலாப்ரியா கடற்கரையிலிருந்து வருகிறது.

✦ 1966-ல் எட்மோன் ரூட்னிட்ஸ்கா உருவாக்கிய டியோரின் ‘ஓ சவாஜ்’ சென்ட்டில் ஹெடியோன் என்ற பொருள் புகழ்பெற்றது. மல்லிகையில் இருக்கும் ஒரு மூலக்கூறை ஒட்டி ஆய்வகத்தில் செய்த பொருள் இது. பூ வாசமாகத் தனித்துத் தெரியாமல், எலுமிச்சைக்கும் மரத்துக்கும் நடுவே காற்றோட்டம் தருகிறது. இன்று ஹெடியோன் இல்லாத புத்துணர்ச்சிச் சென்ட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

✦ சலவை செய்த சட்டையின் சுத்தமான வாசத்தைத் தருவது டைஹைட்ரோமிர்சினால். பைன் மரப் பிசினிலிருந்து எடுக்கும் டர்பன்டைன்தான் இதற்கு மூலம். 1988-ல் பியேர் பூர்டோன் செய்த டேவிடாஃபின் ‘கூல் வாட்டர்’ இதை அள்ளிப் போட்டுப் பெரும் வெற்றி பெற்றது. லாவெண்டரும் புதினாவும் மேலே, சந்தனமும் சிடாரும் கீழே. இன்றும் நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் கோடைச் சென்ட் இது.

✦ கடல் காற்று வாசத்தைத் தரும் ‘கலோன்’ மூலக்கூறு 1966-ல் ஃபைசர் மருந்து நிறுவனத்தில் பிறந்தது. தர்பூசணியும் கடற்கரையும் சேர்ந்த மணம். 1990-களில் வந்த ‘அக்வா டி ஜியோ’ வகைச் சென்ட்டுகள் இந்த மணத்தை வீடுதோறும் கொண்டுபோயின.

விலை எதில் இருக்கிறது?

✦ மாரீஸ் ரூசேல் என்ற பிரெஞ்சு வாசனைக் கலைஞர் 1995-ல் எர்மெஸ் நிறுவனத்துக்கு ‘24 ஃபோபூர்’, 2000-ல் ஃபிரெடரிக் மால் நிறுவனத்துக்கு ‘மஸ்க் ரவாஜர்’ செய்து கொடுத்தார். இரண்டும் விலை உயர்ந்தவை. அதே மனிதர் 2006-ல் உருவாக்கியதுதான் எளியவர்களும் வாங்கக்கூடிய ‘நாட்டிகா வாயேஜ்’. பச்சை ஆப்பிள், இலை, தாமரையில் தொடங்கி சிடாரிலும் கஸ்தூரியிலும் பாசியிலும் முடியும் அதன் மணம், வெயிலில் நடக்கிறவருக்குக் கச்சிதம். கைத்திறனில் அவர் குறை வைக்கவில்லை.

✦ ஜிவாடன், ஐ.எஃப்.எஃப்., சிம்ரைஸ் போன்ற ஒருசில நிறுவனங்கள்தான் பெரிய பிராண்டுகளுக்கும் துணி சோப்புக்கும் ஒருங்கே வாசனை தயாரிக்கின்றன. கண்ணாடிப் பாட்டில், அட்டைப்பெட்டி, நடிகர் வரும் விளம்பரம், கடை வாடகை எல்லாம் விலையில் சேர்ந்துகொள்கின்றன.

✦ பெயர்பெற்ற சென்ட்டுகளின் சாயலில் மலிவுப் பதிப்புகள் பெருகியது எப்படி? கேஸ் குரோமட்டோகிராஃபி கருவியில் ஒரு துளி விட்டால், உள்ளே இருக்கும் மூலக்கூறுகளில் பெரும்பாலானவை தெரிந்துவிடும். சட்டமும் ஒரே குரலில் பேசவில்லை. 2006 ஜூனில் பிரெஞ்சு உச்ச நீதிமன்றம் சென்ட்டின் மணத்துக்குப் பதிப்புரிமை இல்லை என்றது. அதே வாரத்தில் நெதர்லாந்து உச்ச நீதிமன்றம் உண்டு என்றது!

✦ ‘ஓ டி கொலோன்’ என்றால் வாசனை எண்ணெய் ஏறக்குறைய 2 முதல் 5 சதவீதம். ‘ஓ டி டாய்லெட்’ 5 முதல் 15. ‘ஓ டி பெர்ஃப்யூம்’ 15 முதல் 20. மீதி பெரும்பாலும் ஆல்கஹால். கோடைக்கு ‘ஓ டி டாய்லெட்’ போதும். விலையும் குறைவு, யாரையும் உறுத்தாது.

✦ ஒரு ஸ்ப்ரேக்கு ஏறக்குறைய 0.1 மில்லி செலவாகும். 100 மில்லி பாட்டிலில் சுமார் 1000 ஸ்ப்ரே. தினம் நான்கு அடித்தாலும் 250 நாள் வரும். ஆயிரம் ரூபாய் பாட்டில் என்றால் நாளொன்றுக்கு நான்கு ரூபாய். விலைச் சீட்டைப் பார்த்து மலைப்பதற்கு முன் இந்தக் கணக்கைப் போடுங்கள்.

பூசுவதிலும் இருக்கிறது பக்குவம்

✦ வறண்ட தோலில் சென்ட் நிற்காது. குளித்துத் துவட்டியதும் வாசனையற்ற மாய்ஸ்சரைசர் கொஞ்சம் தடவி, அதன் மேல் அடித்தால் கூடுதல் நேரம் நிற்கும்.

✦ பருத்தித் துணி வாசனையைத் தோலைவிட நீண்ட நேரம் பிடித்து வைக்கும். சட்டையின் உள்பக்கம் ஒரு ஸ்ப்ரே போதும். வெள்ளைச் சட்டையில் மட்டும் கவனம், நிறமுள்ள சென்ட் கறை விடும்.

✦ இயற்கைப் பெர்கமோட் எண்ணெயில் இருக்கும் பெர்காப்டென், வெயில் பட்டால் தோலில் கருந்திட்டு உண்டாக்கும். பழைய காலத்துக் கொலோன் பூசியவர்களின் கழுத்தில் ஒழுகிய கோடாகவே இந்தக் கறை தெரியும். இப்போது பெரும்பாலும் பெர்காப்டென் நீக்கிய எண்ணெயையே பயன்படுத்துகிறார்கள். அப்படியும், வெளியே போகும் நாளில் கழுத்தைத் தவிர்த்துச் சட்டை மூடும் இடத்தில் அடிப்பது நல்லது.

✦ ‘நான் பூசியது எனக்கே தெரியவில்லையே’ என்று மறுபடி மறுபடி அடிக்காதீர்கள். தொடர்ந்து வரும் ஒரே வாசனையை மூளை சீக்கிரமே கவனிப்பதை விட்டுவிடும். பக்கத்தில் இருப்பவருக்கு நன்றாகவே தெரியும்.

✦ கடையில் காப்பிக்கொட்டையை நீட்டுவார்கள். அதை முகர்ந்தால் மூக்கு புதிதாகும் என்பது நம்பிக்கை. 2011-ல் வெளியான ஓர் ஆய்வில் காப்பிக்கொட்டைக்கும் வெறும் காற்றுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கடைக்கு வெளியே வந்து நின்றாலே போதும்.

✦ வெப்பம், வெளிச்சம், காற்று மூன்றும் சென்ட்டின் எதிரிகள். காற்றோடு கலந்து கெடும் லிமோனீன் தோலில் ஒவ்வாமை தரும் பொருளாக மாறும். வெயிலில் நிற்கும் கார், பைக் டிக்கி, ஜன்னலோர மேசை எதிலும் வைக்க வேண்டாம். பீரோவின் அடித்தட்டு நல்ல இடம். பிரான்சின் வெர்சாய் நகரில் 1990-ல் தொடங்கிய ஒஸ்மோதெக் என்ற வாசனைக் காப்பகம், அரிய சென்ட்டுகளை ஆர்கன் வாயு நிரப்பி 12 டிகிரி குளிரில், இருட்டில் பாதுகாக்கிறது.

✦ கடைசியாக, வாங்கும் முறை. காகிதப் பட்டையில் முகர்ந்து உடனே பணம் கட்டாதீர்கள். அங்கே தெரிவது சீக்கிரம் பறந்துபோகும் எலுமிச்சை மட்டும்தான். டெஸ்டரை மணிக்கட்டில் ஒரு முறை அடித்துக்கொண்டு வெளியே போங்கள். வெயிலில் நடங்கள், டீ குடியுங்கள், இரண்டு மணி நேரம் கழித்து முகர்ந்து பாருங்கள். அப்போது தெரியும் மர வாசம்தான் நாள் முழுக்க உங்களோடு வரப்போவது. அது பிடித்திருந்தால், தோலும் அரிக்காமல் இருந்தால், பாட்டில் மேல் இருக்கும் பெயர் பெரிதாக இல்லாவிட்டாலும் தயங்காமல் வாங்குங்கள்.